கிரேக்கம் படித்த என் சகலைக்கு

அன்புள்ள அண்ணாச்சி,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. கம்பெனியில் யார் வந்து கேட்டாலும் அரை மணி நேரத்தில் கடிதம் எழுதிக் கொடுத்த நான், உங்களுக்கு எழுத எட்டு மாதம் எடுத்துக்கொண்டேன். எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன். அச்சுக்குக் கொடுத்துவிட்டால் அதற்குப் பிறகு நான் பின்வாங்க முடியாது. என் தைரியத்தைப் பற்றி உங்களுக்கு இருந்த அபிப்பிராயம்தான் எனக்கும் இருக்கிறது.

முதலில் வீட்டுச் செய்தி. மதினி மத்திகிரி வீட்டிலேயேதான் இருக்கிறார். ஊருக்கே போய்விடலாம் என்று என் மனைவி சொன்னதற்கு, "அங்க போனா அவுக இல்லன்னு எல்லாரும் ஞாபகப்படுத்துவாக. இங்க ஒருத்தருக்கும் தெரியாதுல்லா" என்று அக்காவுக்கே உரிய குரலில் சொல்லிவிட்டார். அரசாங்கம் கொடுக்கும் கலர் டிவி உங்கள் வீட்டுக்கும் வந்தது. ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் இன்னும் நீங்கள்தான் என்பதால், தலைவர் நேரில் வந்து வாங்க வேண்டும் என்றார்கள். அவரால் வர இயலாது என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். காரணம் கேட்கவில்லை. கடிதம் இருந்தது; போதும்.

உங்களுக்கான இரங்கல் அறிவிப்பையும் நான்தான் எழுதினேன். "நேர்மையான குவாலிட்டி இன்ஸ்பெக்டர்" என்று தொடங்கியிருந்தேன். மேனேஜர் படித்துப் பார்த்து, "நேர்மையானங்கற வார்த்தை வேண்டாம் இசக்கி. மத்த இன்ஸ்பெக்டர்ஸ் சங்கடப்படுவாங்க" என்றார். "அனுபவமிக்க" என்று மாற்றினோம். அறிவிப்புப் பலகையில் மூன்று நாள் இருந்தீர்கள். அதற்குப் பிறகு கேன்டீன் மெனு.

அக்காவும் தங்கையுமாகக் கட்டிக்கொண்டு, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஓசூருக்கு ஒரே கம்பெனிக்கு வந்து சேர்ந்தவர்கள் நாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மாமனார் இருவருக்கும் ஒரே துணியில் சட்டை எடுத்துக் கொடுப்பார். அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் பேண்டு வாத்தியக்காரர்கள் மாதிரி இருப்போம். நீங்கள் ஷாப் ஃப்ளோரில் வெர்னியர் பிடித்து அளந்தீர்கள். நான் டைம் ஆபீஸில் வாக்கியம் பிடித்தேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும், படிப்பவர்களுக்குத் தெரியாது. எங்கள் கம்பெனியில் தொழிலாளி தப்புச் செய்தால் மெமோ கொடுப்பார்கள். மெமோவை எழுதுபவன் நான். அவர் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் விளக்கக் கடிதம் தர வேண்டும். எழுதத் தெரியாமல் என்னிடமே வருவார். காலையில் கம்பெனியாக இருந்து கண்டித்த நான், டீ நேரத்தில் தொழிலாளியாக மாறி வருந்துவேன். மறுநாள் மறுபடி கம்பெனியாகி, "தங்கள் விளக்கம் திருப்தி அளிக்கவில்லை" என்று எழுதுவேன். பல வருடம் என்னோடு நானே கடிதப் போக்குவரத்து நடத்தினேன். இரண்டு பக்கமும் என்னை நல்லவன் என்று சொன்னார்கள்.

உங்கள் கிரேக்கத்தையும் சொல்ல வேண்டும். மத்திகிரி பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்த ஒரு இலக்கணப் புத்தகத்தை எடுத்துவந்தீர்கள். யாரோ ஒரு வெள்ளைக்காரர் படித்துப் பென்சிலால் கோடு போட்ட புத்தகம். ஏன் என்று கேட்டதற்கு, "எழுத்தெல்லாம் தெரிஞ்ச ஆளுங்களா இருக்காங்கவே" என்றீர்கள். டிராயிங்கில் விட்டத்துக்குப் போடும் ஃபை, மைக்ரானுக்குப் போடும் மியூ, கோணத்துக்குப் போடும் தீட்டா. இருபது வருடமாக இரும்பின் மேல் பார்த்த எழுத்துகள் ஒரு பாஷையாகப் பேசுகின்றன என்பது உங்களுக்குத் தாங்க முடியாத ஆச்சரியம். பழுதான பாகத்தில் கட்டும் சிவப்பு அட்டைகளின் பின்புறத்தில் வினைச்சொற்களை எழுதி, கம்பியில் கோத்து டிபன் பையில் வைத்திருப்பீர்கள். கம்பெனியில் உங்களைப் பைத்தியம் என்றார்கள். நானும் சொன்னேன். உங்கள் முன்னால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இனி மாதேஷ்.

மாதேஷ் அஞ்செட்டிக்காரர். காண்டிராக்டில் வந்து பவர் பிரஸ் ஓட்டியவர். அந்த பிரஸ்ஸில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல்பாகம் இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் விரல் உள்ளே மாட்டாது. ஆனால் ஒரு பட்டனை சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டிவிட்டால், ஒரு கை தகடு வைக்கும், ஒரு கை அழுத்தும், ஷிஃப்டுக்கு அதிகம் பீஸ் வரும். கட்டச் சொன்னவர் சூப்பர்வைசர். சொல்லும்போது நீங்கள் சாம்பிள் எடுக்கப் பக்கத்தில் நின்றிருந்தீர்கள். வருகைப் பதிவுக்குப் போகும்போதெல்லாம் அந்த டியூப்பை நானும் பார்த்திருக்கிறேன். அது மெஷினோடு வந்த பாகம் என்று நினைக்கும் அளவுக்குப் பழகிப்போயிருந்தது.

ஒரு பகல் ஷிஃப்டில் மாதேஷுக்கு வலது கையில் நான்கு விரல் போனது. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

காண்டிராக்ட்காரர் இ.எஸ்.ஐ.யில் அவர் பெயரை ஏற்றவே இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பாதுகாப்பு ஏற்பாட்டைத் தொழிலாளியே வேண்டுமென்று கழற்றினால் கம்பெனி இழப்பீடு தர வேண்டியதில்லை என்று சட்டத்தில் ஒரு வழி இருப்பதும் அன்றைக்குத்தான் மேனேஜருக்கு ஞாபகம் வந்தது. மெமோ எழுதச் சொன்னார். எழுதினேன். "பதிலும் நீங்களே எழுதி வாங்கிடுங்க. தப்பை ஒத்துக்கிட்டா கேட்ல லைட் வேலை குடுக்கலாம்னு சொல்லுங்க" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னேன்.

"நீங்கோ எழுதுங்க சார். ஒங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது?" என்றார் மாதேஷ்.

"மேலதிகாரிகளுக்குத் தெரியாமல், அதிக உற்பத்தி காட்டும் ஆசையினால், வலது பட்டனை நானே கட்டினேன். ஆகையால் நடந்த விபத்துக்கு முழுக்க முழுக்க நானே பொறுப்பு." வாக்கியம் நன்றாக அமைந்தது என்று எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. மாதேஷுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். போட விரல் இல்லை. இடது கைப் பெருவிரல் ரேகை வாங்கினேன். ஆண்களிடம் இடது பெருவிரல் வாங்குவதுதான் ஆபீஸ் முறை. ஆகையால் அந்தக் காகிதத்தைப் பார்க்கும் யாருக்கும் வலது கை இல்லை என்று சந்தேகம் வராது.

பாதுகாப்பு விழிப்புணர்வு என்று தலைப்புப் போட்டு அதன் நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். நீங்கள் நின்று முழுவதும் படித்தீர்கள். டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து, "அஞ்செட்டிக்காரன் ‘ஆகையால்’னு பேசுவானாவே?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனீர்கள். அதற்குப் பிறகு நான்கு மாதம் என்னோடு பேசவில்லை. பொங்கலுக்கு மாமனார் எடுத்துக் கொடுத்த சட்டையை நான் மட்டும் போட்டேன்.

கேட்டில் மூன்று மாதம் வைத்திருந்துவிட்டு மாதேஷின் காண்டிராக்டை முடித்தார்கள். அந்தக் கடிதமும் நான் எழுதியதே.

ஒரு சந்தை நாள் காலையில் நீங்களே வந்து கதவைத் தட்டினீர்கள். "குந்தாரப்பள்ளிக்குப் போயிட்டு வருவோம், கிளம்பும்." நேர்த்திக்கடனுக்குக் கடா வாங்க என்று நினைத்துப் புறப்பட்டேன். நாம் பேச ஆரம்பித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. நீங்கள் கடாக்கள் இருந்த பக்கம் போகவே இல்லை. மாட்டுப் பக்கம் கூட்டிப்போய் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினீர்கள். பத்தடி தள்ளி மாதேஷ் ஒரு ஜோடி எருதோடு நின்றிருந்தார்.

அங்கே விலையை வாயால் சொல்வதில்லை. தரகரும் விற்பவரும் துண்டுக்கடியில் கை கோத்து, ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேசுவார்கள். எந்த விரல், எத்தனை விரல் என்பதுதான் விலை. பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதில்தான் விற்பவரின் பலம்.

தரகர் துண்டைப் போட்டுக் கையை உள்ளே விட்டார். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார்.

"ஏம்ப்பா, வெரலு எங்க?"

"பிரஸ்ல போச்சுண்ணா. இந்தா, எடது கைய புடி."

"எடது கைல யாருப்பா வெல பேசுவாங்கோ? சந்தைல அந்தப் பழக்கமில்ல. வாய்ல சொல்லு."

மாதேஷ் சுற்றிலும் பார்த்துவிட்டு வாய் விட்டுச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் கேட்டார்கள். ஒருவர் தெலுங்கில் ஏதோ சொல்ல, இன்னொருவர் கன்னடத்தில் சிரித்தார். விலை கீழே இறங்கியது. அவர் சொல்லச் சொல்ல இறங்கியது. கேட்பவர்களுக்கு அவர் அவசரம் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. கயிற்றை இடது கையில் சுற்றிக்கொண்டே தரகரிடம் சொன்னார்: "இவருதாண்ணா எங்க டைம் ஆபீஸ் சார். நான் ஆஸ்பத்திரில கெடக்கும்போது தேடிவந்து லெட்டர் எழுதிக் குடுத்தாரு. நல்ல மனுசன்."

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்தத் தண்டனையை எவ்வளவு நாள் யோசித்து வைத்திருந்தீர்கள் அண்ணாச்சி?

திரும்பும் பஸ்ஸில் சூளகிரி தாண்டிய பிறகு நான்தான் பேசினேன். "அண்ணாச்சி, என்னை மன்னிச்சிருங்க."

நீங்கள் டிபன் பையைத் திறந்து சிவப்பு அட்டைக் கொத்தை எடுத்தீர்கள். எனக்கு எரிச்சல் வந்தது. மன்னிப்புக் கேட்ட ஒருவனுக்கு இலக்கணம் நடத்தும் ஆள் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் இருந்திருப்பீர்கள்.

"மன்னிக்கதுக்குக் கிரேக்கத்துல ஒரு சொல்லு இருக்குவே. சுங்கிக்னோஸ்கோ. ரெண்டு சொல்லு சேந்தது. சுன்னுன்னா கூட. கிக்னோஸ்கோன்னா அறியுதேன். பெரும்கடல் பெருங்கடலாகுதுல்லா, அந்த மாதிரி ‘ன்’ போய் ‘ங்’ ஆயிரும். கூடச் சேந்து அறியுதேன். அதான் மன்னிக்கேன்."

"தெரிஞ்சா மன்னிச்ச மாதிரியா?"

"அவ்வளவு லேசா விடமாட்டான் கிரேக்கன். களவுல கூட்டா இருந்தாலும் இதே சொல்லுதான். ஒத்துக்கிட்டாலும் இதுதான். தமிழ்ல நாம ‘அவனை மன்னிச்சேன்’னு சொல்லுதோம். அவனைக் கீழ உக்காரவச்சுத் தலைல தண்ணி தெளிச்ச மாதிரி. இதுல அப்படி வராது. ‘அவனுக்கு’, ‘அவன்கூட’ன்னு சொல்லுத வேற்றுமைலதான் ஆளு வருவான். பக்கத்துலதான் நிப்பான். இறந்தகாலத்துல பாரும், நடுவுல ஒரு ‘எ’ வந்து குத்தவச்சிரும். சுனெக்னோன். அது நுழைஞ்சதும் ஒட்டியிருந்த ‘ங்’ பிரிஞ்சு பழையபடி ‘ன்’ ஆயிரும்."

"வருங்காலத்துல?"

"வருங்காலத்துல இதுக்குச் செய்வினை உருவமே கிடையாது. செய்யுதவன் தன்னையும் தொட்டுக்கிட்டே செய்யுத மாதிரி ஒரு உருவம் வச்சிருக்கான். அதுலதான் வரும்."

"ஏன் அப்படி?"

"ஏன்னு புத்தகத்துல இல்ல. அப்படித்தான்னு போட்டிருக்கு."

டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் அட்டையை எட்டிப் பார்த்தார். "என்னா பாஷைங்க இது? தெலுங்கும் இல்ல, கன்னடமும் இல்ல."

"கிரேக்கம்" என்றீர்கள்.

"அது எந்த ரூட்டுங்க?" என்று கேட்டுவிட்டுப் பின்னால் போய்விட்டார். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"இப்ப சொல்லும். நீரு செஞ்சது எனக்குத் தெரியும், உமக்கும் தெரியும். மாதேஷுக்குத் தெரியுமா? நீரு அவனுக்கு நல்லது செஞ்சதா நினைச்சிட்டிருக்கான். அவனை விட்டுட்டு நாம ரெண்டு பேரும் பஸ்ல மன்னிச்சிக்கிட்டா அதுக்குப் பேரு கூட்டுக் களவாணி. போய் அவன்கிட்டச் சொல்லும். நான் கேஸ் போட ஏற்பாடு பண்ணுதேன். பாத்ததைச் சொல்ல நான் வாறேன். எழுதினதைச் சொல்ல நீரு வாரும்."

"வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுச் சொல்றேன் அண்ணாச்சி" என்றேன். நான் வீட்டில் கேட்கவே இல்லை. அது உங்களுக்கும் தெரிந்திருக்கும்; பெண்டாட்டியைக் கேட்காமல் ஐந்து வருடம் ஓவர்டைம் பார்த்தவன் நான்.

நீங்கள் சொன்னபடி செய்தீர்கள். வக்கீல் பிடித்தீர்கள். கிருஷ்ணகிரியில் இழப்பீட்டு வழக்குப் பதிவானது. கம்பெனி தன் பதிலோடு ஒரே ஒரு காகிதத்தை இணைத்தது. என் வாக்கியங்கள்தாம் அவர்களுக்கு அரண். சாட்சி சொல்ல நீங்கள் லீவு போட்டுவிட்டுப் போன அன்று எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை என்று வாய்தா போட்டார்கள். அடுத்த வாய்தாவுக்கு இரண்டு வாரம் முன்பு, ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆட்டோவில் உங்கள் தலை என் மடியில் இருந்தது. ஒன்றுமே சொல்லவில்லை நீங்கள். ஏதாவது சொல்லியிருக்கலாம். திட்டியாவது இருக்கலாம்.

போன வாரம் மேனேஜர் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், அதுவே கெட்ட அறிகுறி. "இசக்கி, அந்த மாதேஷ் கேஸ்ல அடுத்த வாரம் நீங்க நம்ம சைடு சாட்சி. லெட்டர் அவனா சொல்லச் சொல்ல நீங்க எழுதினீங்க. அவ்வளவுதான் சொல்லணும். நீங்க எழுதினதை நீங்களே சொல்றதுல என்ன கஷ்டம்?" ஆர்டர் குறைந்துவிட்டது, ஆபீஸில் ஆள் குறைக்கப்போகிறார்கள், பட்டியல் தயாராகிறது என்றும் சேர்த்துச் சொன்னார். பட்டியலைத் தட்டச்சு செய்யப்போவதும் நானாம்.

அன்று ராஜினாமாவும் செய்யவில்லை, மறுக்கவும் இல்லை. "சரி சார்" என்றேன். நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அஞ்செட்டிக்குப் போனேன். ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு அரை நாள் காத்திருக்க வேண்டும் என்பதால், பாதியில் இறங்கி ஓடிவர வழியில்லை. இறங்கி இரண்டு மைல் நடந்தேன். மாதேஷ் வாசலில் ராகிக் கதிரை மிதித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவுருதானா பேப்பரு எழுதுனவரு?" என்று கேட்டார். மாதேஷ் ஆமாம் என்று தலையாட்டினார். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

வழியெல்லாம் நல்ல வாக்கியங்களாகத் தயார் செய்து வைத்திருந்தேன். ஆரம்பித்தேன். "மாதேஷ், அன்னைக்கு ஆஸ்பத்திரில நான் எழுதின லெட்டர்ல..."

"வக்கீலு படிச்சுக் காட்டிட்டாரு சார்" என்றார். "மூணு தடவ படிக்கச் சொன்னேன். மொத தடவ வேற யாரோ மாதேஷுன்னு நெனச்சேன்."

"உன்னை ஏமாத்தணும்னு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன். ஏமாற்ற வேண்டும் என்று எழுதவில்லை என்பது உண்மைதான். வாக்கியம் எழுத வேண்டும் என்று எழுதினேன். அதை ஒரு மனிதனிடம் எப்படிச் சொல்வது?

"மன்னிச்சிடு மாதேஷ்."

அவர் மிதிப்பதை நிறுத்தவில்லை. "அதெல்லாம் இங்க வேணாம் சார். எங்கூட்டு எருது ரெண்டும் போயிட்சு. சந்தைல நின்னு ஒங்கள நல்லவருன்னு சொன்னேன் பாருங்க, அத நெனச்சாத்தான் தூக்கம் வரமாட்டேங்குது. பெரியவரு இருந்தா வந்து சொல்லியிருப்பாரு. அவரும் இல்ல. நீங்க வர்றதா இருந்தா கோர்ட்டுக்கு வாங்க. எழுதிக் குடுக்காதீங்க. நின்னு வாய்ல சொல்லுங்க."

அவர் மனைவி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கீழே வைத்துவிட்டுப் போனார். குடித்தேன். மரியாதைக்கு வைத்ததா, வந்தவனுக்குத் தண்ணீர் வைக்காமல் இருக்கத் தெரியாததாலா என்று யோசித்தேன். இரண்டாவதுதான் இருக்க வேண்டும்.

என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அத்தான் செத்து எட்டு மாசம் கழிச்சா ஒங்களுக்குப் பேச்சு வந்துருக்கு?" என்றாள். பிறகு மதினியிடம் போனில் சொல்லியிருக்கிறாள். மதினி என்ன சொன்னார் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சில விளக்கங்கள் திருப்தி அளிக்காது என்று எனக்குத் தொழில்முறையில் தெரியும்.

அண்ணாச்சி, நீங்கள் என்னை மன்னித்தீர்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது. உங்கள் பையைத் தேடிப் பார்த்தும் பதில் இல்லை. உங்களிடம் கேட்க வேண்டிய ஆளும் நான் இல்லை என்று இப்போது புரிகிறது. நான்கு விரல் போனவர் அஞ்செட்டியில் இருக்கிறார். அவரும் தருவதாகச் சொல்லவில்லை. தர வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. அவர் கேட்டது ஒன்றுதான். அது மன்னிப்பை விடச் சின்னது, எனக்கு அதைவிடக் கடினமானது.

நாளை காலை எட்டு மணிக்குக் கம்பெனி கார் என்னை ஏற்றிக்கொள்ள வருகிறது. மேனேஜர் முன் சீட்டில் இருப்பார். சூளகிரி தாண்டும்வரை எனக்குப் பாடம் சொல்லிக்கொண்டே வருவார். கேட்டுக்கொள்கிறேன். கூண்டில் ஏறியதும் சொல்வேன்: அந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் மாதேஷ் சொன்னதில்லை. மெமோவும் நான், பதிலும் நான். டியூப்பை அவராகக் கட்டவில்லை. கட்டச் சொன்ன சூப்பர்வைசர் பெயர் இது. அதை நானும் தினமும் பார்த்தேன். கையில் காகிதம் எதுவும் கொண்டுபோக மாட்டேன். குரல் நடுங்கினால் நடுங்கட்டும்.

திரும்பும்போது காரில் எனக்கு இடம் இருக்காது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் பஸ்ஸுக்கா பஞ்சம்?

இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் கொழுந்தியாள் கணவன்,
சகலை இசக்கி